கல்முனையில் எல்லாரையும் ஒரே விருந்தில் உட்காரவைப்பது எப்படி?

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள கல்முனைக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். அலுவலகத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று 30 பேர். வெள்ளி மத்தியானம் சாப்பாடு கொடுக்க யோசிக்கிறீர்கள், "மரக்கறியே போட்டுவிட்டால் பிரச்சினை தீருமா?" என்று கேட்கிறீர்கள். தீராது.

முதலில் நாளை மாற்றுங்கள். வெள்ளி 12 மணிக்கே முஸ்லிம்கள் ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள், திரும்ப ஒரு மணி தாண்டும். அதே வெள்ளியில்தான் இந்துக்கள் பலர் மச்சம், அதாவது மீன் இறைச்சி, தொடமாட்டார்கள். செவ்வாயும் சில வீடுகளில் அப்படித்தான். திங்களும் வியாழனும் சில முஸ்லிம்கள் சுன்னத்தான, அதாவது கட்டாயமில்லாத, நோன்பு பிடிப்பார்கள். மிஞ்சுவது புதன். அந்தப் புதன் பௌத்தர்களின் பௌர்ணமி நாளான போயாவா, நோன்பு மாதமா, கந்தசஷ்டியா, வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கிற நாளா என்று கலண்டரைப் பாருங்கள். பிறகு ஆளாளிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "அக்கா, புதன் மச்சம் சாப்பிடுவீங்களா?" "காக்கா, அண்டைக்கு நோன்பு ஏதும் பிடிக்கிறீங்களா?" (முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்.) இப்படிக் கேட்டால் இங்கே யாரும் கோபிப்பதில்லை. கேட்காமல் நீங்களே முடிவெடுத்தால்தான் மனம் நோகும்.

30 பேருக்கு 4 கிலோ அரிசி, 6 கிலோ கோழி போதும். கோழியை முஸ்லிம் கடையில் ஹலாலாக அறுத்து வாங்குங்கள். பன்றி சமைத்த சட்டியில் அதைச் சமைத்தால் அறுத்து வாங்கியதில் பயனில்லை. மாடு வேண்டாம். இந்துக்களிலும் பௌத்தர்களிலும் பலர் தொடமாட்டார்கள், பக்கத்துச் சட்டியில் இருந்தாலே சிலர் எழுந்துவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால் மீனுக்குப் போங்கள், மீனுக்கு அறுவை விதி கிடையாது.

மரக்கறியில்தான் ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள். கட்டைச் சம்பலில் மாசி, அதாவது மாசிக் கருவாடு, இருக்கும், சிலர் பருப்புக்கும் போடுவார்கள். சமைப்பவரிடம் "மாசி இல்லாமல்" என்று தனியாகச் சொல்ல வேண்டும், "மரக்கறி" என்றால் மட்டும் அவருக்கு விளங்காது. வட்டிலப்பம் இனிப்புத்தானே என்று எல்லாருக்கும் வைக்காதீர்கள், அதில் முட்டை இருக்கிறது. ஜெலிக்குப் போடும் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலோ பன்றியிலோ எடுப்பது. மரக்கறிக்காரரும் சாப்பிடமாட்டார், ஹலால் பார்ப்பவரும் சாப்பிடமாட்டார்.

மரக்கறியை முதலில் சமைத்து மூடி, வேறு மேசையில் வையுங்கள். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு அகப்பை. கோழிக் குழம்பு அகப்பை ஒருமுறை பருப்புக்குள் போனால் அந்தப் பருப்பு முடிந்தது. இரண்டு மேசை போடுவது ஆட்களைப் பிரிப்பதாகாது. எல்லாரும் நம்பிக் கை வைத்துச் சாப்பிட அதுதான் வழி. பரிமாற வாழையிலை வாங்குங்கள். சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாளான லன்ச் ஷீட்டைக் கண்டாலே எனக்கு எரிகிறது, வாவிக்கரை முழுக்க அதுதான் கிடக்கிறது.

இதைப் படித்துவிட்டு 1990ஐ மறந்துவிட்டாயா என்று கேட்க ஆட்கள் வருவார்கள். மறக்கவில்லை. அந்த ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற முஸ்லிம்களையும், வீரமுனைக் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்களையும் கொன்றார்கள். ஒரு நேரச் சோறு அந்த நட்டத்தை ஈடுசெய்யும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் தாய் வழியாக வரும் குடி என்ற வம்சமும், பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிற வழக்கமும் தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கத்துக்கும் உண்டு என்பதும் இந்த மண்ணின் உண்மைதான்.

முஸ்லிம் நண்பர்கள் திருப்பி வீட்டுக்கு அழைத்தால் சஹன் வைப்பார்கள். பாயில் வெள்ளைத் துணி விரித்து நடுவில் பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர். வலது கையால், உங்களுக்கு நேரே உள்ள பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். எதிர்ப்பக்கத்து இறைச்சிக்குக் கை நீட்டாதீர்கள், அவர்களே உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

உங்கள் விருந்துக்குக் கடைசியில் யோகட் வேண்டாம், பலவற்றில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். எருமைத் தயிர் நாலு சட்டியும் கித்துள் மரத்துப் பாணி ஒரு போத்தலும் வாங்கி வையுங்கள்.