பக்கத்தில் நின்றும் சேராத மரங்கள்

கேள்வி: அண்ணா கனடாவில் இருக்கிறார். ஏப்ரலில் அல்கோன்குவின் காட்டுக்குப் போய்ப் படங்கள் அனுப்பினார். மரமெல்லாம் மொட்டையாக நிற்க, நடுவே ஒரு திட்டு மட்டும் கரும்பச்சை, அதன் அடியில் புல்கூட இல்லை. ஒரே காட்டில் ஏன் இப்படி? அந்த மரத்தை எங்கள் வளவில் வைக்கலாமா?
- வாசகி, நிலாவெளி

பதில்: அது ஹெம்லொக் என்ற, இலை உதிர்க்காத ஊசியிலை மரமாக இருக்க வேண்டும். கிட்ட எடுத்த படம் இருந்தால் பாருங்கள், தட்டையான குட்டி ஊசியிலையின் பின்பக்கம் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும். மொட்டையாக நிற்பவை சர்க்கரை மேப்பிள், மஞ்சள் பேர்ச், பீச் போன்ற, குளிர்காலத்துக்கு இலை உதிர்க்கும் மரங்கள்.

விஷயம் தரையில் இருக்கிறது. மேப்பிள் இலை சீக்கிரம் உக்கி மண்ணுக்குச் சத்தாகும். துளிர் விடுமுன் வெயில் நேரே தரையில் விழுவதால், அந்தச் சில வாரங்களுக்குள் டிரில்லியம் மாதிரிப் பூச்செடிகள் அவசரமாகப் பூத்து முடிக்கும். ஹெம்லொக்கின் அடியிலோ வருடம் முழுக்க இருட்டு, ஊசியிலை மெதுவாக உக்கி மண்ணைப் புளிப்பாக்க, அங்கே வேறு செடி எழும்புவது கஷ்டம். ஆனால் அதன் சொந்தக் கன்று அந்த இருட்டிலேயே நூறு வருடம்கூடக் குட்டையாகக் காத்திருந்து, மேலே ஒரு மரம் விழுந்ததும் விறுவிறுவென்று உயரும்! எனக்கு இந்தக் காட்டிலேயே மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

சரி, ஹெம்லொக் ஏன் மேப்பிள் பக்கம் பரவுவதில்லை? அதன் விதை மிகச் சிறியது, தடித்த இலைச்சருகில் விழுந்தால் வேர் மண்ணைத் தொடுமுன் காய்ந்துவிடும். பாசி பிடித்த உக்கிய மரக்கட்டையில் விழுந்தால் பிழைக்கும், மஞ்சள் பேர்ச்சும் அப்படித்தான். தப்பி முளைத்ததையும் பனிக்காலத்தில் மான் கடித்துவிடும். இதனால் இரண்டு திட்டுகளும் பல நூற்றாண்டுகள் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

கவலையும் உண்டு. ஜப்பானிலிருந்து வந்து 1951இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் கண்டுபிடிக்கப்பட்ட, பஞ்சு போர்த்த ஒரு சின்னப் பூச்சி சாற்றை உறிஞ்சி ஹெம்லொக்குகளைக் கொன்று வருகிறது, இப்போது கனடாவிலும் இருக்கிறது. அண்ணா அடுத்த முறை போனால் ஊசியிலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வளவில் வைக்க வேண்டாம், குளிர்காலம் இல்லாமல் அது வாழாது. எங்கள் காட்டின் பாலை மரம் இருக்கிறதே! மாரி மழையோடு கன்றை நட்டால், மெதுவாக வளர்ந்தாலும் ஆடி வெயிலிலும் பச்சையாக நிற்கும், பழமும் தரும்.