வேக்கம் லைனுக்கு வயர்லெஸ் சென்சார்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

கேள்வி: ஓசூரில் எங்கள் பேக்கேஜிங் ஆலையில் பம்ப் அறையிலிருந்து கடைசி மெஷின் வரை 80 மி.மீ. வேக்கம் லைன் (காற்றை உறிஞ்சும் குழாய்) 200 மீட்டர் ஓடுகிறது. கேஜ் பார்க்க ஷிப்டுக்கு ஒருமுறை ஆள் போகிறார். வயர்லெஸ் சென்சார் மாட்டினால் கசிவைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஒன்று போதாது, இரண்டு மாட்டுங்கள்: பம்ப் வால்வுக்கு லைன் பக்கம் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று.

வாங்கும்போது 'அப்சல்யூட்' வகையை, அதாவது முழு வெற்றிடத்தைப் பூஜ்ஜியமாக வைத்து அளப்பதைக் கேளுங்கள், 0–1000 மில்லிபார். சாதாரண கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டே காட்டும். ஓசூர் உயரத்தில் வெளிக்காற்றழுத்தமே சுமார் 910 மில்லிபார்தான். அங்கே −0.85 பார் என்றால் உள்ளே மிச்சம் 60 மில்லிபார். சென்னையில் அதே முள் நின்றால் 160. சூடான இழையை வைத்து அளக்கும் பிரானி வகை உங்களுக்கு வேண்டாம். அது 1 மில்லிபாருக்குக் கீழான வேலைக்கு. அதன் இழை சூடாகவே இருக்க வேண்டும் என்பதால் பேட்டரி தாங்காது.

குழாயின் மேல்பக்கம் கால் இஞ்ச் பால் வால்வு வைத்து மாட்டுங்கள். அடிப்பக்கம் மாட்டினால் தண்ணீரும் தூசும் துளையை அடைத்துவிடும். அளவு நகராது, எல்லாம் சரியென்று நம்பிவிடுவீர்கள். ரேடியோவுக்கு 865–867 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்கு அனுப்பும் ரேடியோ முறை) போதும், தனி உரிமம் தேவையில்லை. ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

கசிவுச் சோதனைதான் முக்கியம். வேலை முடிந்தபின் மெஷின் வால்வுகளையும் பம்ப் வால்வையும் மூடி, 10 விநாடிக்கு ஒரு அளவு பதியுங்கள். உங்கள் லைனின் கொள்ளளவு ஏறக்குறைய 1000 லிட்டர். ஒரு நிமிடத்தில் 50 மில்லிபார் ஏறினால், சுமார் 55 லிட்டர் வெளிக்காற்று புகுந்திருக்கிறது. மணிக்குச் சுமார் 3.3 கன மீட்டர். லைன் 150 மில்லிபாரில் ஓடும்போது அது ஆறு மடங்குக்கு மேல் விரிவதால், பம்பின் திறனில் ஏறக்குறைய 20 கன மீட்டரைத் தின்றுவிடும்.

ஏறும் கோட்டின் வடிவத்தையும் பாருங்கள். சுமார் 480 மில்லிபார் வரை நேர்கோடாக ஏறினால் அது கசிவு. கொஞ்சம் ஏறிப் பிறகு படுத்துவிட்டால் குழாயில் ஈரம். 30 டிகிரியில் நீராவி 42 மில்லிபாருக்கு மேல் தராது. கசிவென்று உறுதியானால் கிளை வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி மறுபடி பதியுங்கள். எதை மூடியதும் ஏற்றம் குறைகிறதோ, அந்தக் கிளையின் ஹோஸ் கிளாம்பிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

ஓட்டத்தின்போது பம்ப் பக்கம் சரியாக இருந்து கடைக்கோடி மட்டும் ஏறினால், அந்தப் பக்கம் அடைப்போ கசிவோ இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் பம்ப் வால்வை மூடி, பம்பைத் தனியாக இழுக்கவிட்டு, அதன் சொந்தக் கேஜைப் பாருங்கள். அதுவே இறங்காவிட்டால் குழாயைத் தேட வேண்டியதில்லை.