வேலை, வீடு, 10 கிலோமீட்டர்: 12 வாரத்தில் எப்படித் தயாராவது?

கேள்வி: எனக்கு 37 வயது. பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். கணவருக்குப் பீன்யாவில் முதல் ஷிஃப்ட், காலை 5.30-க்கே கிளம்பிவிடுவார். ஞாயிறு மட்டும் லீவு. பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 5. ஸ்கூல் வேன் 7.40-க்கு வரும். மாமியார் எங்களோடு இருக்கிறார். எனக்கு வாரத்தில் மூன்று நாள் ஒயிட்ஃபீல்டில் ஆபீஸ். செவ்வாய், வியாழன் வீட்டிலிருந்தே வேலை, 9.30-க்கு லாகின். ஏப்ரல் கடைசியில் வரும் டிசிஎஸ் வேர்ல்ட் 10கே ஓட்டத்தில், ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கு நிதி திரட்ட எங்கள் டீம் பெயர் கொடுத்திருக்கிறது. ஆர்வத்தில் முதல் நாளே 4 கிலோமீட்டர் ஓடினேன், மறுநாளும் ஓடினேன். இப்போது இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது. காலை 4 மணிக்கு எழுந்தால்தான் நடக்கும் என்கிறார்கள். என்னால் முடியுமா? பணம் திரட்டுவது பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: முடியும். 4 மணிக்கு எழ வேண்டாம். இரவு 11-க்குப் படுத்து 4-க்கு எழுந்தால் தூக்கம் ஐந்து மணி நேரம்தான். பயிற்சியில் களைத்த தசையும் எலும்பும் தேறுவது தூக்கத்தில். அதை வெட்டிவிட்டு ஓடினால் மூன்றாவது வாரம் சளி, நான்காவது வாரம் முழங்கால் வலி என்றுதான் போகும். உங்கள் கால அட்டவணையிலேயே இடம் இருக்கிறது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் வேன் போன பிறகு லாகினுக்கு முன் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மணி நேரம். ஞாயிறு காலை கணவர் வீட்டில். வாரத்துக்கு இந்த மூன்று ஓட்டம் போதும். முதல்முறை 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கு நான்காவது நாளால் வரும் லாபம் குறைவு, காயத்துக்கான வாய்ப்புதான் அதிகம்.

முதலில் அந்த வலி. ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே மூச்சு சீராகிவிடும். எலும்பும் தசைநாணும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். "மூச்சு வாங்கவில்லையே, இன்னும் கொஞ்சம் ஓடலாம்" என்று தோன்றுகிற கட்டத்தில்தான் கால் மாட்டிக்கொள்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நாலைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால், எலும்பை ஒட்டிய பகுதிக்குத் திடீர்ச் சுமை ஏறியிருக்கிறது என்று பொருள். ஓரிரு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, வலியில்லாத அளவுக்கு நடந்தால் பெரும்பாலும் தணியும். ஒரே ஒரு புள்ளியில் குத்துவதுபோல் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, அந்தக் காலில் மட்டும் ஒரு குதி குதிக்க முடியாவிட்டாலோ எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பார்க்கும்வரை ஓடாதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மிகவும் ஆபத்து. விரிசல் முறிவாவது அப்படித்தான்.

நெஞ்சுவலி, ஓடும்போது தலைசுற்றல், ரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்பத்தில் இளவயதில் திடீர் மாரடைப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சிக்கு முன்பே மருத்துவரிடம் போய்விடுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துக்கொள்வது நல்லது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் அளவு 12 கிராமுக்குக் கீழே இருந்தால், என்ன பயிற்சி செய்தாலும் மூச்சு முட்டலாம். "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்று பலர் விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சாப்பாட்டோடு சேர்த்துக் காபி, டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இனி பயிற்சி. முதல் வாரம் நடை மட்டும்: செவ்வாய், வியாழன் 30 நிமிடம், ஞாயிறு 4 கிலோமீட்டர். வலி போகவில்லை என்றால் இரண்டாவது வாரமும் நடையே. அதற்குப் பிறகு எல்லா நாளும் ஓட்டமும் நடையும் கலந்துதான். முதல் 5 நிமிடம் வேக நடை, கடைசி 3 நிமிடம் மெதுநடை. இடையில் வருவது இது:

2, 3-ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
4 முதல் 6 வரை: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 7 முறை.
7 முதல் 9 வரை: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 7 முறை.
10, 11: 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 6 முறை.

ஞாயிற்றுக்கிழமையும் அந்தந்த வாரத்தின் கணக்கேதான், தூரம் மட்டும் கூடும். இரண்டாவது வாரம் தொடங்கி 4, 5, 4, 5.5, 6, 7, 5, 7.5, 8.5, 6 கிலோமீட்டர் என்று போங்கள். நான்காவது, எட்டாவது வாரங்களில் தூரம் குறைவதைப் பார்த்திருப்பீர்கள். எலும்பு அதுவரை ஏற்ற சுமையைத் தாங்கப் பழகும் வாரங்கள் அவை. நன்றாக இருக்கிறது என்று அந்த வாரங்களில் கூடுதலாக ஓடிவிடாதீர்கள். போட்டிக்கு முந்தைய செவ்வாயும் வியாழனும் 20 நிமிடம் இலகுவாக ஓடினால் போதும். 10 கிலோமீட்டரை முழுமையாக ஓடிப் பார்க்காமல் போட்டிக்குப் போவதா என்று பயம் வரும். 8.5-ஐ நிதானமாக முடித்தவர் 10-ஐ முடிப்பார்.

வேகம் எவ்வளவு? ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் தடங்கலின்றிப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பெரும்பாலானோருக்கு ஆரம்பத்தில் இது கிலோமீட்டருக்கு 8 நிமிடம்போல வரும். அந்த வேகத்தில் 4 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடந்தால், 10 கிலோமீட்டர் 85 முதல் 90 நிமிடத்தில் முடியும். அடி சின்னதாக இருக்கட்டும். பாதம் உடம்புக்கு வெகு முன்னால் போய்க் குதிகாலில் அடித்து விழுந்தால், அந்த அதிர்வு நேராக முழங்காலுக்கும் முன்னெலும்புக்கும் ஏறும்.

ஆபீஸ் போகும் நாட்களில் ஓட்டம் இல்லை. குக்கர் விசில் வரும் நேரத்தில் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணுவதற்குள் மெதுவாக இறக்குங்கள், 15 தடவை. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது 12 தடவை. ஒற்றைக்காலில் நிற்பது, காலுக்கு 30 விநாடி. எல்லாவற்றையும் இரண்டு சுற்று செய்யுங்கள். கெண்டைக்கால் பலப்பட்டால் முன்னெலும்பின் மேல் விழும் சுமை குறையும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு பிரசவம் ஆனவர்களுக்கு ஓடும்போது கொஞ்சம் சிறுநீர் கசிவது மிகவும் சாதாரணம். இதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள், வெட்கப்பட்டு ஓட்டத்தையும் விடாதீர்கள். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசையை இறுக்கி, 5 முதல் 8 விநாடி வைத்திருந்து, முழுதாகத் தளர்த்துங்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதம்போல ஆகும். கசிவு அதிகமாக இருந்தாலோ, அடியில் ஏதோ இறங்குவதுபோல் கனமாக இருந்தாலோ மகப்பேறு மருத்துவரிடமோ இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள்.

ஷூ வாங்குவது சாயங்காலம். நாள் முழுக்க நடந்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். நீங்கள் போடப்போகிற சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும். விலையைவிட, கடையில் பத்தடி ஓடிப் பார்க்கும்போது எங்கும் உரசாமல் இருப்பது முக்கியம். ஸ்போர்ட்ஸ் பிராவும் அதே அளவுக்குத் தேவை. குதித்துப் பார்த்து வாங்குங்கள்.

பிப்ரவரித் தொடக்கத்தில் பெங்களூரில் விடிவது 6.45 வாக்கில், ஏப்ரல் கடைசியில் 6 மணிக்கே. இங்கே வெயில் அதிகமான மாதமும் ஏப்ரல்தான். அதனால் பிப்ரவரியில் 8 மணிக்குச் சுகமாக இருந்த ஓட்டம் ஏப்ரலில் அதே நேரத்தில் திணறவைக்கும். வேகம் குறைந்தால் கவலைப்படாமல், பேச முடிகிறதா என்பதையே பாருங்கள். நிழல் உள்ள தெருவாகத் தேடுங்கள். ஞாயிறுக்குக் கப்பன் பார்க் மிகவும் ஏற்றது. அன்று உள்ளே வண்டி கிடையாது, மரநிழல் உண்டு. ஆனால் ஞாயிறன்று மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும். ஸ்கூட்டரோ ஆட்டோவோதான் வழி. அல்சூர் ஏரிப் பக்கம் ஓடினால் பிளாட்பாரக் கல் எங்கே தூக்கியிருக்கிறது என்று முதல் சில நாள் நடந்தே பார்த்துக்கொள்ளுங்கள். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, திரும்பி ஓடாமல், நடந்து விலகுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் ஓட முடியாதவர்கள் அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம். ஞாயிறு தூரம் 6 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி. சாம்பார் வேண்டாம், புளியும் காரமும் வயிற்றைக் கலக்கும். முடித்தபின் முட்டை, சுண்டல், தயிர் என்று புரதம் உள்ளதாகச் சாப்பிடுங்கள். விலை கொடுத்து வாங்கும் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் இந்தத் தூரத்துக்குத் தேவையில்லை; மோரில் உப்புப் போட்டுக் குடித்தாலே போதும்.

அட்டவணையைவிட வீட்டில் பேசி முடிவுசெய்வதுதான் கடினம். ஞாயிறு 6 முதல் 8 வரை பசங்களுக்குப் பால், டிபன், எல்லாமே கணவர் பொறுப்பு என்று சனிக்கிழமையே பேசிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அந்த வேலை மாமியார் தலையில்தான் விழும், இரண்டு வாரத்தில் முணுமுணுப்பு வரும். 12 வாரம் மட்டும், இன்ன தேதிவரை என்று தெளிவாகச் சொன்னால் யாருக்கும் பாரமாகத் தோன்றாது.

இத்தனைக்கும் பிறகு வாரங்கள் தவறும். குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஆபீஸில் அவசர வேலை வரும். தவறவிட்டதால் யாருக்கும் காலில் அடிபடுவதில்லை. விட்டதைப் பிடிக்க ஓடித்தான் அடிபடுகிறது. செவ்வாய் போனால் போனதுதான், புதன் இரவு ஈடுகட்ட வேண்டாம். ஒரு ஞாயிறு போனால் அடுத்த ஞாயிறு அந்த விட்ட தூரத்தையே ஓடுங்கள். இரண்டு வாரம் முழுதாகப் போனால் பட்டியலில் அதற்கு முந்தைய, எளிதான படியிலிருந்து தொடங்குங்கள். முந்தின இரவு தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே என்றால் அன்று நடை மட்டும். காய்ச்சல் அடிக்கும்போது ஓடவே கூடாது. விட்ட பிறகும் நாலைந்து நாள் நடந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மார்ச்சில் மூன்று வாரத்துக்கு மேல் போய்விட்டால், அதே நிகழ்ச்சியில் உள்ள, தூரம் குறைவான மஜ்ஜா ரன்னுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். நன்கொடை கொடுத்தவர்கள் குழந்தைகளின் படிப்புக்காகக் கொடுத்தார்கள். நீங்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்று பார்ப்பவர்கள் இல்லை.

நிதி விஷயத்தில் மூன்று இடத்தில் தவறுகிறார்கள். ஓட்டத்துக்கான பதிவுக் கட்டணமே நன்கொடை என்று நினைப்பது ஒன்று. பொதுவாக இரண்டும் வேறு. இரண்டாவது, நண்பர்களின் பணத்தை உங்கள் ஜிபேயில் வாங்கி மொத்தமாக அனுப்புவது. அப்போது ரசீது உங்கள் பெயரில் வரும், கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வரிவிலக்கு கிடைக்காது. அறக்கட்டளையின் பக்கத்திலேயே, பான் எண் கொடுத்து, அவரவரே கட்டட்டும். ரொக்கமாகக் கொடுத்தால் 2000 ரூபாய்க்கு மேல் விலக்கு இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே இல்லை. அதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது, கடைசி வாரம் கேட்பது. ஓட்டம் ஏப்ரலில், நிதியாண்டு முடிவது மார்ச் 31. இந்த ஆண்டுக் கணக்கில் காட்ட விரும்புகிறவர்கள் அதற்குள் கட்ட வேண்டும். மார்ச் முதல் வாரம், சம்பளம் வந்த கையோடு கேட்பதுதான் சரியான நேரம்.

வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போடும் செய்தி கரைந்துபோகும். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக அனுப்புங்கள்: "அண்ணா, ஏப்ரல் கடைசியில் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். இந்த அறக்கட்டளை வழியாகப் பிள்ளைகளின் படிப்புக்காக. 500 ரூபாய் கொடுத்தால் பெரிய உதவி. லிங்க் கீழே, ரசீது உங்கள் பெயரிலேயே வரும்." தொகையைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், எவ்வளவு கொடுப்பது என்று யோசித்தே பலர் தள்ளிப்போடுவார்கள். ஊழியர் திரட்டுகிற அளவுக்குத் தானும் போடும் வழக்கம் உங்கள் கம்பெனியில் உண்டா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள்.

சட்டையில் குத்திக்கொள்ளும் போட்டி எண் அட்டையை முந்தைய நாட்களில் வாங்கி வைத்துவிடுங்கள். அதன் பின்பக்கம் ரத்த வகையும் கணவர் எண்ணும் எழுதுங்கள். புது ஷூ, புது சாக்ஸ், புதுச் சாப்பாடு எதுவும் அன்று வேண்டாம். அக்குளிலும் தொடையிலும் வாஸ்லைன் தடவினால் உரசல் புண் வராது. முதல் 2 கிலோமீட்டரில் கூட்டம் இழுத்துக்கொண்டு போகும். அங்கேயே 4 நிமிட ஓட்டம், 1 நிமிட நடையைத் தொடங்கிவிடுங்கள்; களைத்த பிறகு நடக்க ஆரம்பித்தால் மறுபடி ஓட்டம் வராது. முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். அடுத்த மூன்று நாள் ஓட வேண்டாம், நடை மட்டும். அந்த வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் ரசீது வந்ததா என்று கேட்டு, வராதவர்களின் பெயரை அறக்கட்டளைக்கு அனுப்பிவிடுங்கள்.