ஒரே ஓர் எஞ்சின் போதும்

கேள்வி: மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. போன மாதம் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். என் கணவர் ஒவ்வோர் எஞ்சின் முன்னாலும் நின்று அறிவிப்புப் பலகையை விடாமல் வாசித்தார். பெரியவன் "இது ஓடுமா?" என்று கேட்டுக் கேட்டு, ஓடாது என்றதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். குட்டி ரயில் விசில் ஊதியதும் வீரிட்ட சின்னவள், வீடு வரும்வரை என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. விடுமுறையில் மறுபடி போகலாம் என்கிறார் கணவர். நீங்கள் கரி எஞ்சினில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தவர். எப்படிக் காட்டினால் பிடிக்கும், ஐயா?

பதில்: தாராளமாகப் போங்கள், தாயே. பலகை வாசிக்க உங்கள் வீட்டுக்காரர் இன்னொரு நாள் தனியாக வரட்டும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அந்தக் கட்சிதான்.

இருபது எஞ்சின் நின்றாலும் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது கரி எஞ்சினாக இருக்கட்டும். டீசலிலும் மின்சாரத்திலும் வேலையெல்லாம் மூடிக்குள் நடக்கிறது. கரி எஞ்சின் தன் எலும்பை வெளியே போட்டுக்கொண்டு நிற்கும். சிலிண்டரிலிருந்து புறப்படும் தண்டு எந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது என்று பையனைத் தேடச் சொல்லுங்கள். "ஓடுமா?" என்றால், "நீ ஓட்டு" என்று சொல்லிவிடுங்கள். முழங்கையை மடக்கித் தண்டு போல ஆட்ட வேண்டும். சக்கரம் ஒரு சுற்று வந்தால் நாலு 'குப்'. இரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு அதுதான் கணக்கு. வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே பாயும் சத்தம் அது. போகிற போக்கில் அடுப்புக்குள் காற்றையும் இழுத்துவிடும். அதனால் மேட்டில் ஏறும்போது நெருப்பு தானாகவே கொழுந்துவிடும். கரி அள்ளுகிறவனுக்குத்தான் முதுகு ஒடியும்.

வீட்டிலேயே ஒரு நூலில் மூன்று முடிச்சுப் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு முனையிலிருந்து 1000, 1435, 1676 மில்லிமீட்டர்: மீட்டர் கேஜ், ஸ்டாண்டர்டு கேஜ், பிராட் கேஜ். கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம். பையனை நிறுத்தி அளந்தால் முதல் முடிச்சு தாடைப் பக்கம் வரும். மூன்றாவது அவன் அப்பாவைத் தேடும். அங்கே இரண்டு தண்டவாளங்களின் உள்பக்கத்துக்கு நடுவே நூலைப் பிடித்து, எந்த முடிச்சு பொருந்துகிறது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் இந்த விளையாட்டு கிடையவே கிடையாது என்பதையும் அங்கேயே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

எது ரொம்ப வேகம் என்று எப்படியும் கேட்பான். இங்கிலாந்தின் யார்க் அருங்காட்சியகத்தில் நிற்கும் மல்லார்ட். 1938ல் மணிக்கு 126 மைல், அதாவது 203 கிலோமீட்டர் வேகம் தொட்டது. கரி எஞ்சின்களில் அதை இன்னும் எதுவும் மிஞ்சவில்லை. அதை இழுத்த சக்கரங்கள் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிக உயரம். வேகத்துக்குப் பெரிய சக்கரம், சரக்கு இழுக்கச் சின்னது. இதைச் சொல்லிக் கொடுத்தால் அங்கிருக்கும் எஞ்சின்களை அவனே பிரித்துவிடுவான். அப்பா பலகையைப் பார்த்து மார்க் போடலாம்.

சின்னவள் விஷயம் வேறு. மூன்று வயதுக் கண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் எஞ்சின் வெறும் கறுப்புச் சுவர். இருபது அடி தள்ளி நின்றால்தான் அது வண்டி. விசில் எப்போது ஊதுவார்கள் என்று குட்டி ரயில்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அவளையே காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லி "கூ" என்று முந்திக் கத்த விடுங்கள். சொல்லாமல் வரும் சத்தம்தான் பயம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டிரைவர் சொல்லாமல் விசிலை இழுத்தார். நான் கரி மண்வெட்டியைக் காலிலேயே போட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு வயது இருபது.

வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். எஞ்சின் நின்று எத்தனை வருஷம் ஆனாலும் கிரீஸ் நிற்காது.