பொதுச் சைக்கிள் திட்டம்: மைசூருவில் ஓடியது நம்மூரில் ஓடுமா? கேள்வி பதில்

மைசூருவில் ‘டிரின் டிரின்’ என்னும் பொதுச் சைக்கிள் திட்டம் 2017 ஜூன் 4 அன்று 450 சைக்கிள்களோடும் 48 நிலையங்களோடும் தொடங்கப்பட்டது. ஒரு நிலையத்தில் அட்டையைக் காட்டிச் சைக்கிளை எடுத்து, போகுமிடத்துக்கு அருகிலுள்ள இன்னொரு நிலையத்தில் பூட்டிவிட்டுப் போகலாம் என்பதே அதன் ஏற்பாடு. நகரப் போக்குவரத்துத் திட்டமிடலில் வேலை பார்ப்பவன், அந்தச் சைக்கிளை ஓட்டியும் பார்த்தவன் என்பதால், தங்கள் ஊருக்கும் இது வருமா, வந்தால் நிலைக்குமா என்று நண்பர்கள் கேட்டவற்றுக்கு என்னால் இயன்ற பதில்களை இங்கே எழுதுகிறேன்.

திண்டுக்கல், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஐயா, எங்கள் காலத்தில் தெருவுக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. அதையேதான் இப்போது கோடிக்கணக்கில் செலவழித்துத் திரும்பக் கொண்டுவருகிறார்களா?

பாதி அப்படித்தான். மட்கார்டில் வெள்ளைப் பெயின்டால் எண் எழுதிய சைக்கிள், நோட்டில் பெயரும் எடுத்த நேரமும், தெரியாத பையன் என்றால் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிவரச் சொல்லும் கடைக்காரர் என்று அந்த ஏற்பாட்டில் எல்லாமே இருந்தன. இன்றைய உறுப்பினர் அட்டை அந்த நோட்டின் வேலையைச் செய்கிறது. வைப்புத்தொகை அந்தத் தெரிந்தவரின் வேலையைச் செய்கிறது. ஆனால் எடுத்த கடையிலேயே சைக்கிளைத் திருப்பிவிட வேண்டும் என்பதால் ரயிலேறப் போகிறவருக்கு அது உதவவில்லை. அவர் ரயிலேறியபின் சைக்கிளைக் கொண்டுவந்து விட இன்னொருவர் வேண்டும். ஒருவழிப் பயணத்துக்கு வழிசெய்ததுதான் பொதுத் திட்டத்தில் புதிது.

உங்கள் கடைக்காரர் இன்னொன்றும் செய்தார். காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரம் ஆடினால் கோட்டம் எடுத்து, அதன்பிறகே வரிசையில் நிறுத்தினார். கோடிகள் செலவழித்த பல திட்டங்கள் படுத்தது இந்த ஒரு வேலைக்கு ஆளும் பணமும் ஒதுக்காததால்தான். கீழே வரும் பதில்கள் பலவும் இங்கேதான் வந்து நிற்கும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணம், வணிகர்: எங்கள் ஊருக்கு எத்தனை சைக்கிள், எத்தனை நிலையம் வேண்டும்? ஐம்பது சைக்கிளில் சோதனையாகத் தொடங்கிப் பார்த்தால் என்ன?

ஐம்பது சைக்கிளில் தொடங்கும் சோதனை தோற்கவே செய்யும். தோற்றபிறகு ‘நம் மக்கள் சைக்கிள் ஓட்ட மாட்டார்கள்’ என்று பழியை மக்கள்மேல் போட்டுவிடுவார்கள். இத்திட்டத்தின் உயிர் நிலையங்களின் நெருக்கத்தில் இருக்கிறது. ஐ.டி.டி.பி. என்னும் சர்வதேசப் போக்குவரத்துக் கொள்கை அமைப்பின் வழிகாட்டி, சதுர கிலோமீட்டருக்கு 10 முதல் 16 நிலையங்கள், அதாவது ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒன்று வேண்டும் என்கிறது. அப்பகுதியில் வாழும் ஆயிரம் பேருக்கு 10 முதல் 30 சைக்கிள்கள் என்பது அதன் இன்னோர் அளவு. எந்த மூலையில் நின்றாலும் நான்கு நிமிட நடையில் ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த எண்களின் பொருள். சைக்கிளை எடுக்கப் பத்து நிமிடம், விட்டபின் போய்ச்சேரப் பத்து நிமிடம் நடக்க வேண்டுமென்றால் யாரும் ஷேர் ஆட்டோவில்தான் ஏறுவார்கள்.

இதை உங்கள் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். பழைய நகராட்சி எல்லை ஏறத்தாழ 12.5 சதுர கிலோமீட்டர்; 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1.4 லட்சம். குறைந்தபட்ச அளவில் பார்த்தாலே 125 நிலையங்களும் 1,400 சைக்கிள்களும் வேண்டும். அவ்வளவு பணம் இல்லையென்றால், சைக்கிளைக் குறைத்து ஊர் முழுவதும் தூவுவது தவறு. பரப்பைச் சுருக்க வேண்டும். ரயில் நிலையம், பேருந்து நிலையம், மகாமகக் குளம், கும்பேசுவரர் கோயிலைச் சுற்றிய கடைத்தெருக்கள், காவிரிக் கரையிலுள்ள அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றை உள்ளடக்கிய மூன்று சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு, அதற்குள் முப்பது நிலையங்களை நெருக்கமாக வைத்தால் திட்டம் மூச்சுவிடும். அதே வழிகாட்டி பத்து சதுர கிலோமீட்டருக்குக் குறையாத பரப்பைப் பரிந்துரைக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அது பெருநகரங்களை மனத்தில் வைத்துச் சொன்னது என்பதும், நம் சிற்றூர்களில் போக்குவரத்தெல்லாம் குளத்தையும் கோயிலையும் கடைத்தெருவையும் சுற்றியே நடக்கிறது என்பதும் என் கருத்து.

மைசூருவின் குறையும் இதுதான். நூறு சதுர கிலோமீட்டரைத் தாண்டிய நகரத்தில் 48 நிலையங்கள் என்பது, அந்த அளவுகோலின்படி ஐந்து சதுர கிலோமீட்டருக்குத்தான் போதும்.

ஈரோடு, கல்லூரி மாணவி: மைசூரு போனபோது ஒரு நிலையத்தில் சைக்கிளே இல்லை. இன்னொன்றில் எல்லாப் பூட்டும் நிறைந்திருந்ததால் விட இடமில்லை. இது நிர்வாகக் கோளாறா, இயல்பாகவே இப்படித்தான் ஆகுமா?

இயல்பாகவே ஆகும், ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் நிர்வாகம். காலை எட்டரை மணிக்கு ஒரு கல்லூரி வாசல் நிலையத்தைக் கற்பனை செய்யுங்கள். எல்லோரும் அங்கே வந்து சைக்கிளை விடுகிறார்கள், யாரும் எடுப்பதில்லை. கடைசிப் பூட்டும் நிறைந்தபின் வருகிறவர் வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருக்க, கட்டணக் கணக்கும் ஏறிக்கொண்டிருக்க, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி வெயிலில் நிற்கிறார். இப்படி இரண்டு முறை நின்றவர் மூன்றாம் முறை வரமாட்டார்.

இதற்காகத்தான் ஒரு சைக்கிளுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பூட்டிடங்கள் வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். கூடவே, நிறைந்த இடத்திலிருந்து சைக்கிளை அள்ளி வெறுமையான இடத்தில் இறக்க ஒரு வண்டியும் இரண்டு ஆட்களும் காலையிலும் மாலையிலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேடுள்ள ஊர்களில் சிக்கல் இன்னும் கூடும். இறக்கத்தில் ஓட்டி வருகிறவர்கள் ஏற்றத்துக்கு வேறு வண்டி பிடித்துவிடுவார்கள். பாரிஸ் நகரின் வெலிப் திட்டத்தில், மேட்டிலுள்ள நிலையங்களில் கொண்டுவந்து விடுகிறவருக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாக இலவசம் என்று அறிவித்து, லாரி செய்ய வேண்டிய வேலையின் ஒரு பங்கை ஓட்டுபவர்களிடமே ஒப்படைத்தார்கள். அந்த யுக்தி எனக்கு மிகவும் பிடிக்கும்.

திருநெல்வேலி, வங்கி ஊழியர்: நம் ஊரில் சைக்கிளை வெளியில் வைத்தால் காலையில் இருக்குமா?

இந்தக் கவலை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1965ல் ஆம்ஸ்டர்டாமில் புரோவோ என்னும் இளைஞர் இயக்கத்தினர் சில சைக்கிள்களுக்கு வெள்ளையடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பூட்டாமல் தெருவில் விட்டார்கள். திருடர்களுக்கு முன்னால் போலீஸே வந்துவிட்டது. பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது நகரச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி அள்ளிக்கொண்டு போனார்கள். 1995ல் கோபன்ஹேகன் நகரம், 20 குரோனர் நாணயத்தைப் பூட்டில் போட்டால் சைக்கிள் விடுபடும், திருப்பிவிட்டால் நாணயம் கிடைக்கும் என்று வைத்தது. எடுத்தவர் யாரென்று நாணயத்துக்குத் தெரியாதாகையால் திருட்டு நிற்கவில்லை. 1998ல் பிரான்சின் ரென் நகரம் அட்டையைக் கொண்டுவந்தபிறகுதான் எடுத்தவர் இன்னார் என்பது பதிவாயிற்று. ரென் பெருநகரமன்று என்பதையும் கவனியுங்கள். இந்தத் துறையில் பெரிய மாற்றங்கள் சில நடுத்தர நகரங்களிலிருந்தே வந்தன.

மைசூருவில் தொடக்கத்தில் 350 ரூபாய் கட்டி உறுப்பினராக வேண்டியிருந்தது. அதில் 250 ரூபாய் திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை. அடையாளச் சான்று கொடுத்து, கொஞ்சம் பணமும் கட்டியவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அரிது. சைக்கிளையே தூக்குவதைவிட பெல்லையும் சீட்டையும் கழற்றுவதுதான் தொல்லை. அதனால்தான் இந்தச் சைக்கிள்களில் கடையில் கிடைக்காத வடிவில் திருகாணிகளையும் பாகங்களையும் போடுகிறார்கள்.

கோயம்புத்தூர், மென்பொருள் பணியாளர்: நிலையமே வேண்டாம், கைபேசியில் பூட்டைத் திறந்து எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்ற முறை மலிவாயிற்றே?

அமைக்க மலிவு. உங்கள் ஊரில் ஓடிய மஞ்சள் நிற ஓஃபோ சைக்கிள்கள் நினைவிருக்கும். அந்தச் சீன நிறுவனம் 2018ல் இந்தியாவை விட்டே வெளியேறியது. நடைபாதையில் குறுக்கே கிடக்கும் சைக்கிளை எடுத்து நிறுத்துவது யார் பொறுப்பு, நிறுவனம் போய்விட்டால் மிச்சமிருப்பதை அகற்றுவது யார் செலவு என்பவற்றை எழுதி வாங்காமல் எந்த நகராட்சியும் அதற்கு இடம்கொடுக்கக் கூடாது. நடுவழி ஒன்றுண்டு: பூட்டு சைக்கிளிலேயே இருக்கட்டும், ஆனால் தரையில் கோடு போட்டுக் குறித்த இடத்தில்தான் விட வேண்டும். சிறிய ஊருக்கு அதையே சிபாரிசு செய்வேன்.

ஒரு மாமன்ற உறுப்பினர் (ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்): மானியம் கிடைத்தால் தொடங்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. கட்டணத்திலிருந்து செலவை எடுத்துவிட முடியுமா?

முடியாது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். மைசூருவுக்கு உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவி வந்தது. கர்நாடக அரசின் நகர்ப்புறத் தரைப் போக்குவரத்து இயக்ககமும் மாநகராட்சியும் சேர்ந்து செய்தன. பிரான்சின் லியோனிலும் பாரிஸிலும் விளம்பரப் பலகை உரிமையைப் பெற்ற நிறுவனமே சைக்கிளையும் நடத்தியது. நம் சிறிய ஊரின் பலகை வருமானம் அதற்குத் தாங்காது. நகராட்சிப் பூங்காவையும் தெருவிளக்கையும் போல இதுவும் ஆண்டுதோறும் செலவு கேட்கும் பொதுச் சேவை என்று மன்றத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மானியம் பெரும்பாலும் சைக்கிளையும் பூட்டையும் வாங்கத்தான் கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் டியூப் மாற்றவும், ஐந்தாம் ஆண்டில் சைக்கிளையே மாற்றவும் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொடக்க விழாவுக்குப் போகாதீர்கள். ஒப்பந்தத்திலும், ‘இத்தனை சைக்கிள் வாங்கி நிறுத்தினால் இத்தனை ரூபாய்’ என்று எழுதினால் ஒப்பந்ததாரர் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அன்றாடம் ஓடும் நிலையிலுள்ள சைக்கிள்களின் எண்ணிக்கைக்கும், நெரிசல் நேரத்தில் எந்த நிலையமும் வெறுமையாகவோ நிறைந்தோ கிடக்காமல் பார்த்துக்கொள்வதற்கும் மாதாமாதம் பணம் என்று எழுதுங்கள். நல்ல திட்டத்தில் ஒரு சைக்கிள் ஒரு நாளில் நான்கு முதல் எட்டு முறை எடுக்கப்பட வேண்டும் என்பது வழிகாட்டி சொல்லும் அளவு. ஒன்றுக்குக் கீழே போனால் அது நின்றுபோன சைக்கிள்.

புதுக்கோட்டை, அங்கன்வாடி பணியாளர்: பெண்கள் இதை ஓட்டுவார்களா என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

அதைப் புதுக்கோட்டையில் நின்றுகொண்டு கேட்டாரென்றால் சிரிக்க வேண்டியவர் நீங்கள்தான், அம்மா. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், உங்கள் மாவட்டத்தின் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுத் தெருவில் இறங்கினார்கள். கேட்க வேண்டிய கேள்வி சைக்கிளின் அமைப்பைப் பற்றியது. நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத தாழ்ந்த பிரேம், செயின் முழுவதையும் மூடும் கவர், சேலை முந்தானை சக்கரத்தில் சிக்காதபடி பின்னால் ஒரு தடுப்பு, காய்கறிப்பை வைக்க முன்னால் கூடை, உயரத்துக்கேற்ப ஒரு கையால் தளர்த்தக்கூடிய சீட் ஆகியவை இருக்கின்றனவா என்று மாதிரிச் சைக்கிளைப் பார்க்கும் நாளிலேயே பெண்கள் நான்கு பேரை ஏறி ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். நிலையங்களில் இரவு விளக்கும் அவசியம்.

சேலம், பெற்றோர்: ஹெல்மெட் கட்டாயமா?

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் ஹெல்மெட் விதி மிதிவண்டிக்குப் பொருந்தாது. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிய மெல்பர்னில் 2010ல் தொடங்கிய திட்டம் சரியாக ஓடாமல் 2019ல் மூடப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அந்த விதியும் ஒன்று. அணிவதை நான் தடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அணிவியுங்கள்.

தஞ்சாவூர், இளைஞர்: பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி எங்கள் வீட்டிலேயே இரண்டு கிடக்கிறது. பிறகு இது எதற்கு?

மிக நல்ல கேள்வி. 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிந்த அந்தத் திட்டத்தால், சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஒரு தலைமுறை நம்மிடம் இருக்கிறது. பொதுத் திட்டம் உங்கள் வீட்டுச் சைக்கிளுக்கு மாற்று ஆகாது. வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு வண்டியில்லாமல் நிற்பவருக்குத்தான் அது. உங்கள் ஊரில் அப்படி இறங்குபவர்கள் குறைவு என்றால், அந்தப் பணத்தில் பேருந்து நிலையத்தில் நிழலும் காவலும் உள்ள சைக்கிள் நிறுத்தம் கட்டி, வீட்டில் கிடக்கும் இரண்டையும் வெளியே வரவழைப்பதே மேல்.

விருதுநகர், சைக்கிள் கடை வைத்திருப்பவர்: இத்திட்டம் வந்தால் என் பிழைப்பு என்னவாகும்?

உங்களிடம் பழுதுபார்க்க வருபவர்கள் சொந்தச் சைக்கிள் வைத்திருப்பவர்கள். அவர்கள் குறைய மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஒப்பந்தப்புள்ளி அறிவிக்கும் முன்பே ஊரிலுள்ள மெக்கானிக்குகள் சேர்ந்து நகராட்சி ஆணையரிடம் ஒரு மனு கொடுங்கள்: பராமரிப்பு வேலையை வெளியூர் நிறுவனம் தன் ஆட்களை வைத்துச் செய்யாமல், பத்து நிலையத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் உள்ளூர் மெக்கானிக்குகளை மாதச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும் என்று நிபந்தனையில் சேர்க்கச் சொல்லுங்கள். பொதுச் சைக்கிள்களின் பூட்டும் பின்சக்கர ஹப்பும் வழக்கமானவையாக இருக்காது. அவற்றுக்கான பயிற்சியையும் சாவிகளையும் நிறுவனமே தர வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுத மறக்காதீர்கள்.