பதில்: சாஃப்ட்வேர் ரிலீஸ் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், என்ன செய்வது?

மேனேஜர் "வெள்ளிக்கிழமை ரிலீஸ் பண்ணிடலாம்ல?" என்று கேட்டதும் எட்டு பேரும் தலையாட்டிவிட்டு, அப்புறம் டீக்கடையில் "பேமென்ட் பகுதி தாங்காது" என்று புலம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆட்கள் கோழைகள் இல்லைங்க, கேட்கிற முறையில்தான் கோளாறு.

1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தை ஏவுவது பற்றிய தொலைபேசிக் கூட்டத்திலும் இதுதான் நடந்தது: குளிரில் ஓ-ரிங் ரப்பர் வளையம் சரியாக அடைக்காது என்று, அதன் பக்கவாட்டு ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனப் பொறியாளர்கள் தடுத்தார்கள், நாசா தரப்பு முகம் சுளித்ததும் அந்த நிறுவன மேலாளர்கள் தனியாகப் பேசி முடிவை மாற்றினார்கள். 'பாதுகாப்பு என்று நிரூபி' என்பது 'ஆபத்து என்று நிரூபி' ஆகிவிட்டது. மறுநாள் 73-வது நொடியில் கலம் சிதறியது, 7 பேரும் இறந்தார்கள்.

சரி, உங்களுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை சரிப்பட எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரும் தனியாக எழுதி அனுப்பட்டும், மேனேஜர் கடைசியில் பேசட்டும். ஒருவர் 90, இன்னொருவர் 40 என்றால் தயவுசெய்து சராசரி எடுக்காதீர்கள், அந்த 40 போட்டவரை முதலில் பேசவிடுங்கள். உளவியலாளர் கேரி க்ளைன் சொல்லும் 'ப்ரீமார்ட்டம்' இன்னும் நல்லது: ரிலீஸ் ஊத்திக்கொண்டது என்றே வைத்துக்கொண்டு காரணம் எழுதச் சொல்வது. குறை கண்டுபிடிப்பதே அங்கே வேலை என்பதால் கூச்சம் குறையும். இதை மேனேஜரிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள், எல்லோர் முன்னாலும் வேண்டாம்.