வண்ண வண்ண ஸ்டோன்வேர் பாத்திரங்கள் வீட்டுச் சமையலுக்கு உதவுமா, அலமாரி அழகுக்கு மட்டுமா?

நன்றாகவே உதவும். ஸ்டோன்வேர் என்றால் அதிகச் சூட்டில் சுட்டு, கல்போல இறுகிய களிமண் பாத்திரம். செட்டாக மட்டும் வாங்காதீர்கள். ஓவனுக்கு ஆழமான நீள்சதுரப் பாத்திரம் ஒன்று, மாவு கலக்கப் பெரிய கிண்ணம் ஒன்று, அவ்வளவு போதும்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி. தோட்டத்துப் பக்கம் மரவள்ளிக்கிழங்குக்குப் பஞ்சமில்லை, அதனால் எங்கள் வீட்டில் அடிக்கடி பிங்கா என்ற மரவள்ளிக்கிழங்கு கேக் வேகும். துருவிய கிழங்கு, கெட்டித் தேங்காய்ப்பால், சீனி, முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. ஸ்டோன்வேரின் அருமை இதில்தான் தெரியும். மெல்லிய அலுமினியத் தட்டில் ஓரம் கருகிவிடும், நடுப்பகுதி கொழகொழவென்று நிற்கும். ஸ்டோன்வேர் மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டைச் சுலபத்தில் விடாது. அடியும் ஓரமும் ஒரே சீராகச் சிவந்து, நடுவிலும் கத்தி ஒட்டாமல் வரும். 180 டிகிரியில் வைத்தால் தகரத் தட்டைவிடப் பத்து நிமிடமாவது கூடப் பிடிக்கும்; பொறுமையாக இருங்கள். வெளியே எடுத்த பிறகும் பாத்திரத்தின் சூட்டில் கொஞ்சம் வேகும். அப்படியே மேசைக்குக் கொண்டுபோய் வெட்டிப் பரிமாறலாம். பிஸ்கட்டுக்கும் ஸ்பாஞ்ச் கேக்குக்கும் தகரத் தட்டே மேல்.

கிண்ணத்தின் சிறப்பு அதன் கனம். முறுக்கு மாவு பிசையும்போது எவர்சில்வர் கிண்ணம் மேசையெல்லாம் ஓடும். இது இருந்த இடத்தில் இருக்கும். தயிர், புளி, எலுமிச்சை எதை ஊற்றினாலும் கண்ணாடிபோல மினுங்கும் நல்ல மேல்பூச்சு அசையாது. பாட்டிமார் மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்த பழுப்பும் வெள்ளையுமான ஜாடி இருக்கிறதே, அதுவும் இந்த வகைதான்.

கடையில் எல்லாவற்றையும் ‘செராமிக்’ என்றே விற்கிறார்கள், அங்கேதான் கவனம் வேண்டும். எங்களுக்குப் பக்கத்துக் கோலகங்சாரில் செய்யும் லாபு சாயோங் குடுவை மண்பாண்டம். அதில் நுண்துளைகள் உண்டு, நீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. ஸ்டோன்வேரைப் பொதுவாக 1200 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ சுடுவார்கள். அந்தச் சூட்டில் களிமண் கல்போல இறுகி, நீரை அநேகமாக உறிஞ்சாது. பாத்திரத்தைக் கவிழ்த்து, பூச்சில்லாத அடி வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது ஸ்டோன்வேர் இல்லை. விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ‘டொக்’ என்றால் எங்கோ விரிசல் இருக்கலாம்.

பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பூச்சுகளில் காட்மியம் சேர்ப்பதுண்டு, பழைய பூச்சுகளில் ஈயமும் இருக்கலாம். உணவுக்கு ஏற்றது என்ற குறிப்பு இல்லாமல் இந்த நிறங்களை வாங்கவே வாங்காதீர்கள். பழைய சாமான் கடையில் கிடைப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும், பூச்சில் சிலந்தி வலைபோல வெடிப்பு ஓடியிருந்தால் பூ வைக்கலாம், புளிக்குழம்பு வைக்க வேண்டாம். மஞ்சள்தூள் அந்த வெடிப்பில் இறங்கினால் போகவே போகாது.

இன்னொன்று. லெ குருசே போன்ற கம்பெனிகள் எனாமல் பூசிய இரும்புச் சட்டியையும் ஸ்டோன்வேரையும் ஒரே நிறங்களில் விற்கின்றன. இரும்புச் சட்டி கேஸ் அடுப்பில் ஏறும். ஸ்டோன்வேரை நேரடித் தீயில் வைத்தால் வெடித்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைச் சூடான ஓவனுக்குள் தள்ளுவதும், ஓவனிலிருந்து எடுத்ததை ஈரமான சிங்கில் வைப்பதும் அதே கதைதான். மேசையில் ஒரு காய்ந்த துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள்.

கரண்டி உரசிச் சாம்பல் நிறக் கோடுகள் விழுந்தால் பாத்திரம் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது கரண்டியின் உலோகம் படிந்த தடம். பேக்கிங் சோடாவைக் குழைத்துத் தடவி, மெல்லத் தேய்த்தால் போய்விடும்.